குஞ்சு சாகிறதா? மருந்துக்கு ஓடும் முன் இன்று எத்தனையாவது நாள் என்று பாருங்கள்

குஞ்சு வாங்கி வந்து இரண்டு மூன்று நாளில் ஒன்று செத்துக் கிடந்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மருந்து கொடுக்கலாம்?" நானும் அதையேதான் கேட்டேன். முதன்முதலாக வாங்கிய 40 குஞ்சில் ஒரே இரவில் 11 போயின. காலையில் அலறியடித்துக்கொண்டு ஓடி, பை நிறைய மருந்தோடு திரும்பி வந்து நிதானமாகப் பார்த்தால், நடு ராத்திரியில் பல்பு பியூஸ் போயிருக்கிறது. இருந்ததே ஒரு பல்புதான். குளிர் தாங்காமல் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் படுத்து, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. இதற்கு மருந்து எதுவும் கிடையாது. கூடவே இன்னொரு பல்பு எரிந்திருந்தால் போதும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. குஞ்சு செத்தால் முதலில் அதன் வயது எத்தனை நாள் என்று பார்ப்பேன். முதல் மூன்று நாளில் சாவது பெரும்பாலும் குளிர், பயண அலுப்பு, நீர் வற்றுதல், அல்லது பொரிக்கும்போதே வந்த தொப்புள் கோளாறு. நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் சாவது பெரும்பாலும் தின்னவே பழகாத குஞ்சு. இரண்டாம் வாரத்தில் செத்தால் தாய்க்கோழி வழியாக வந்த நோயையும் பூசணத்தையும் சந்தேகப்படுவேன். மூன்று வாரம் தாண்டிவிட்டால் இரத்தக்கழிச்சலும், தடுப்பூசி போடாத நோய்களும். இது கல்வெட்டு இல்லை, ஆனால் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

இதற்குக் காரணமும் எளிதுதான். பொரிந்த குஞ்சால் முதல் இரண்டு வாரத்துக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து சூடு வேண்டும். பொரிவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் ஓட்டை உடைக்கும். அதை வைத்து இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுத் தூர ஊருக்கெல்லாம் அனுப்ப முடிகிறது. அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் சூடு, தண்ணீர், தீவனம் மூன்றும் சரியாக அமையவில்லை என்றால், தீர்ந்த மறுநாளே வரிசையாகச் சாக ஆரம்பிக்கும்.

சரி, இனி அறிகுறிக்கு வருவோம்.

பல்புக்கு அடியில் குவிந்துகொண்டு விடாமல் கத்துகின்றன

குளிர்கிறது. வேறு யோசனையே வேண்டாம். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து ஐந்தாறு வாரத்தில் 21 டிகிரி அளவில் நிறுத்தலாம். "குஞ்சு நிற்கும் இடத்தில்" என்று சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. நான் தெர்மாமீட்டரைச் சுவரில் என் மார்பு உயரத்துக்கு மாட்டிவைத்துவிட்டு 33 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். தரைக்கு இறக்கிப் பார்த்தபோது 26. தெர்மாமீட்டரின் முனை குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையில் பரப்பிய கூளத்துக்கு (உமி, மரச்சீவல் போன்றது) மேல் நாலைந்து சென்டிமீட்டரில் இருக்க வேண்டும்.

தெர்மாமீட்டரே இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு. ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் குஞ்சுக்குக் குளிர், வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கூளம் சில்லிட்டிருந்தால் பாதத்தில்தான் முதலில் தெரியும், பல்பு எத்தனை பெரியதாக இருந்தாலும் சரி. அதனால்தான் குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடரை, அதாவது சூட்டு விளக்கோடு குஞ்சுக்கு அமைக்கும் அடைப்பை, போட்டுத் தரையைச் சூடாக்கி வைக்கச் சொல்கிறார்கள். குஞ்சு வந்திறங்கிய பிறகு சுவிட்சைத் தேடுவது தாமதம்.

சாதாரணக் குண்டு பல்பு என்றால் குஞ்சுக்கு 2 வாட் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 250 வாட் அகச்சிவப்பு விளக்கு என்றால் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு ஆரம்பித்து, குஞ்சுகளின் நடத்தையைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். ஒன்று போனால் இன்னொன்று விடியும் வரை தாங்கும். விளக்கைக் கட்டுவது ஒயரில் அல்ல, சங்கிலியிலோ கம்பியிலோ. கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். உடைந்தால் தெறிக்காதபடி டெஃப்லான் பூசிய விளக்குகள் விற்கிறார்கள், அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் வாயு பறவைகளைக் கொன்றுவிடும்.

சுற்றுத்தடுப்பு வட்டமாக இருக்கட்டும். அட்டைப் பெட்டிதான் கிடைத்தது என்றால் நாலு மூலையிலும் அட்டையை வளைத்துச் செருகிவிடுங்கள். மூலை இருந்தால் அங்கேதான் குவியும், குவிந்தால் அடியில் இருப்பது சாகும்.

விறைத்துக் கிடக்கும் குஞ்சைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் பொத்தி வைத்தோ, துணியில் சுற்றி இளஞ்சூடான இடத்தில் வைத்தோ அரை மணி நேரம் பாருங்கள். கண் திறந்து தலை நிமிர்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில். மயங்கிக் கிடக்கும்போது வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டிருக்கின்றன

சூடு அதிகம். குளிரில் கத்தும் குஞ்சு சூட்டில் சத்தமே போடாது, அதனால் "அமைதியாக இருக்கிறது" என்று நாம் விட்டுவிடுவோம். விளக்கை உயர்த்துங்கள், இல்லையென்றால் ஒன்றை அணையுங்கள். புரூடருக்குள் சூடான பகுதியும் அதைவிடக் குளிர்ந்த பகுதியும் இரண்டும் இருக்க வேண்டும், எங்கே நிற்பது என்பதைக் குஞ்சே முடிவு செய்துகொள்ளும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று அர்த்தம்.

கரி அடுப்பு வைத்துச் சூடு தருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். காலையில் எல்லாம் தூங்குவதுபோலச் செத்துக் கிடக்கும், உங்களுக்கும் தலைவலி வரும். மேலே காற்றுப் போக வழி இல்லாத இடத்தில் கரி வேண்டவே வேண்டாம்.

நாலைந்து நாளில், நோய் எதுவும் தெரியாமல், இறகுப்பந்தாக மெலிந்து சாகிறது

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். மூன்று நாள் நன்றாக ஓடிய குஞ்சு, நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், ஐந்தாம் நாள் இருக்காது. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். தீவனம் தட்டு நிறையக் கிடக்கும், ஆனால் அந்தக் குஞ்சு ஒரு பருக்கைகூடத் தின்றிருக்காது. மஞ்சள்கரு தீர்ந்தது, பட்டினியில் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பிரேதப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை, உயிரோடு இருக்கும்போதே விரலால் தெரிந்துகொள்ளலாம். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கொஞ்சம் வலப்பக்கமாக, தீனி சேரும் பை இருக்கிறது. குஞ்சு வந்து 24 மணி நேரம் கழித்து, நன்றாகத் தின்று முடித்த நேரத்தில் 20 குஞ்சுகளை எடுத்து அந்த இடத்தை மெதுவாகத் தடவுங்கள். பிசைந்த மாவு உருண்டை மாதிரி மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் இரண்டும் உள்ளே போயிருக்கின்றன. மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. பலூன் மாதிரி தளதளவென்று இருந்தால் வெறும் தண்ணீர். ஒன்றுமே கையில் தட்டுப்படவில்லை என்றால் அந்தக் குஞ்சைத் தனியே எடுங்கள். 20-க்கு 19 நிறைந்திருந்தால் நிம்மதி. நாலைந்து காலியாக இருந்தால் ஏற்பாட்டில் தப்பு இருக்கிறது, தட்டு குறைவு, வெளிச்சம் போதவில்லை, தீவனம் எட்டவில்லை, இல்லை குளிரில் பல்பை விட்டு நகர முடியவில்லை.

வந்தவுடன் முதலில் தண்ணீர்தான். ஒவ்வொன்றாக எடுத்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுவிடுங்கள், மூக்குத் துளை நனையக்கூடாது. பாதிக் குஞ்சுக்குச் செய்தாலே மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். நெடுந்தூரம் பயணம் செய்து வந்து கால் தோல் சுருங்கிப்போயிருந்தால் முதல் அரை நாளுக்கு லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம், அதன்பின் சாதாரணத் தண்ணீர். முதல் இரண்டு மூன்று நாள் தீவனத்தைச் சொரசொரப்பான காகிதத்தின்மேல் தூவிவிடுங்கள். குஞ்சு நடக்கும்போது எழும் சலசலப்பே மற்றதைக் கொத்த அழைக்கும். இந்த நாட்களில் இரவிலும் வெளிச்சம் இருக்கட்டும்.

தீவனம் குஞ்சுத் தீவனம்தான், புரதம் 20 சதவீத அளவில் இருக்கும். வீட்டில் முட்டைக்கோழித் தீவனம் இருக்கிறதே என்று போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து முட்டையோட்டுக்காகச் சேர்த்தது, குஞ்சுக்குத் தேவையானதைப்போல மூன்று நாலு மடங்கு, சிறுநீரகம் கெட்டுவிடும்.

தண்ணீர்த் தட்டில் மூழ்கிச் சாவதும் நடக்கும். ஆழமில்லாத பாத்திரம், அதில் கூழாங்கல். முடிந்தது.

பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது

முதல் வாரத்தில் தினமும் ஒருமுறை குஞ்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எச்சம் ஒட்டிக் கெட்டியாகி ஆசனவாயை மூடிவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். பஞ்சை வெந்நீரில் நனைத்து, அதாவது கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள், தானாக ஊறிக் கழன்று வரும். காய்ந்ததைப் பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வந்து ரத்தம் கசியும், ரத்தத்தைப் பார்த்தால் மற்ற குஞ்சுகள் கொத்த ஆரம்பிக்கும். துடைத்து, நன்றாக உலர்த்தி, துளி வாசலின் தடவி விடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரில் சாகும்.

ஒன்று கவனம்: ஆசனவாய் வால் பக்கம் இருக்கும். வயிற்றின் நடுவே, கால்களுக்கு இடையில் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருப்பது தொப்புள் பொருக்கு. அதைக் கழுவக்கூடாது, பிய்க்கவே கூடாது. ஒன்றிரண்டு குஞ்சுக்கு இப்படி அடைத்தால் பயணக் களைப்பு. பாதிக்கு மேல் என்றால் திரும்பப் போய் சூட்டைப் பாருங்கள்.

வயிறு உப்பியிருக்கிறது, தொப்புள் ஈரமாக நாறுகிறது

தொப்புள் மூடுவதற்குள் கிருமி உள்ளே போய் மஞ்சள்கரு அழுகிவிட்டது. முதல் வாரத்திலேயே சாகும், பிழைப்பது அபூர்வம். பாதித்த குஞ்சைப் பிரித்து வைப்பதைத் தவிர வளர்ப்பவர் செய்யக்கூடியது குறைவு, ஏனென்றால் தப்பு நடந்தது முட்டையிலும் பொரிப்பானிலும். அழுக்கு முட்டையை அடைவைத்தது, பொரிப்பானைக் கழுவாமல் அடுத்த முட்டையை வைத்தது, ஈரப்பதம் சரியில்லாதது. நீங்களே பொரிக்கிறீர்கள் என்றால் அங்கே திருத்துங்கள். வாங்கியது என்றால் அடுத்த முறை கொடுப்பவர் முன்னாலேயே பத்துக் குஞ்சைத் திருப்பி வயிற்றைப் பார்த்து வாங்குங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கால் இரண்டு பக்கமும் விரிந்து எழுந்திருக்க முடியவில்லை

செய்தித்தாள் விரித்திருப்பீர்கள். வழவழப்பில் கால் வழுக்கி மூட்டு விலகிவிடும். முதல் நாட்களுக்குச் சாக்கு, இல்லையென்றால் சொரசொரப்பான காகிதம். பாதித்த குஞ்சுக்கு இரண்டு காலையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் வைத்து, மெல்லிய ஒட்டுத்துணியால் கால்விலங்கு மாதிரி கட்டி மூன்று நாலு நாள் விட்டால் பல குஞ்சுகள் தேறிவிடும். முதல் இரண்டு நாளிலேயே செய்தால்தான். கால்விரல் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலில் நடந்தால் அது வேறு, பி2 வைட்டமின் குறைவு.

வாயைத் திறந்து மூச்சு இழுக்கிறது, ஆனால் சூடு சரியாகத்தான் இருக்கிறது

கூளத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் நுரையீரலில் பூசணம் இறங்கியிருக்கலாம். கர்புர் சத்தமே இல்லாமல் கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்குவது இதன் அடையாளம். உள்ளே போன பூசணத்துக்குப் பயன்படும் மருந்து என்று எதுவும் இல்லை. நனைந்து காய்ந்த உமி, பூசணம் பிடித்த வைக்கோல், கட்டியான தீவனம் எல்லாவற்றையும் வெளியேற்றி, காய்ந்த மரச்சீவலோ உமியோ போடுங்கள். நுண்ணிய மரத்தூள் வேண்டாம், தீவனம் என்று நினைத்துத் தின்றுவிடும்.

கூடவே குந்தி உட்கார்ந்து, மூக்கைக் குஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு. நாம் நிற்கும் உயரத்தில் அது தெரியவே தெரியாது. குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் தார்பாய் போட்டு மூடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கங்களை மூடுங்கள், மேலே திறப்பு விடுங்கள்.

வெள்ளை வெள்ளையாகக் கழிகிறது, கூட்டமாகச் சோர்கிறது

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இப்படிச் சாவு ஏறினால் புல்லோரம் என்னும் சால்மோனெல்லா நோயாக இருக்கலாம். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வருவது. மருந்து கொடுத்தால் சாவு குறையும், ஆனால் பிழைத்த குஞ்சு கிருமியைச் சுமந்துகொண்டே வளரும், அதன் முட்டையிலும் போகும். அந்தக் கூட்டத்தில் தாய்க்கோழி தேர்ந்தெடுக்காதீர்கள். வெள்ளைக் கழிச்சல் என்றாலே ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய் என்று முடிவு கட்டுவதும் தப்பு. அதில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதோடு மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், இறக்கை கால் வராமல் போவது எல்லாம் சேர்ந்து வரும். அதற்கு மருந்து இல்லை, தடுப்பு மருந்து மட்டும்தான்: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தையொட்டி மறுபடி. கம்போரோ என்னும் இன்னொரு வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து இரண்டாம் வாரத்தையொட்டி. துல்லியமான நாள் ஊருக்கு ஊர் மாறும், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் உயிர்க்கிருமி செத்து, வெறும் தண்ணீர் கொடுத்த கணக்காகிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல், எச்சத்தில் ரத்தம்

இரத்தக்கழிச்சல். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தோளை உயர்த்தி, கண்ணை மூடி ஓரமாக நிற்கும், கொண்டை வெளுத்திருக்கும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தில் வெளியேறி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காய்ந்த கூளத்தில் அதற்கு வழியில்லை. எனவே நோய் பரவும் இடம் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள அந்த ஓரடி ஈரவட்டம். அதைத் தினமும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்கூளம் போடுங்கள், பாத்திரத்தை ஒரு செங்கல்மேல் ஏற்றி, குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். என் கொட்டிலில் இந்தச் செங்கல் செய்த வேலையை எந்தக் கிருமிநாசினியும் செய்யவில்லை. வழக்கமான கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டைகள் சாவதும் இல்லை.

மருந்து ஆம்ப்ரோலியம். 20 சதவீதப் பொடி என்றால் லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் குடிதண்ணீரில் மூன்று முதல் ஐந்து நாள், பிறகு அதில் கால் பங்கு அளவில் ஒன்று இரண்டு வாரம். வேறு சதவீதம் என்றால் அளவு மாறும், உறையைப் படியுங்கள். நோய்ப்பட்ட குஞ்சு தின்னாது, ஆனால் குடிக்கும், அதனால்தான் தண்ணீரில். அந்த நாட்களில் "தெம்புக்கு" என்று பி வைட்டமின் டானிக் சேர்க்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1-ஐக் கிருமிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான், நீங்கள் பி1 கொடுத்தால் மருந்தை நீங்களே முறித்தது போல.

ஒரே நாளில் பல, காரணம் தெரியவில்லை

மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். புதிதாகச் செத்த இரண்டு மூன்றை இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றே கால்நடை நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைய வைத்துவிட்டால் திசு கெட்டுப்போய் பார்க்க முடியாது. பெரிய கோழிகளும் சேர்ந்து திடீரென்று செத்தால் எதையும் அறுக்காமல், தொடாமல், மருத்துவருக்குச் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாக இருக்க வாய்ப்பு உண்டு. சாதாரண நாளிலும் குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும், சால்மோனெல்லா நமக்கும் வரும்.

காலையில் எண்ணினால் குறைகிறது, உடலே இல்லை

எலி, அல்லது பாம்பு. பாம்பு முழுசாக விழுங்கிவிட்டுப் போய்விடும். எலி ஒரு மூலையில் சேர்த்து வைக்கும், தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் பாருங்கள், நாலைந்து ஒன்றாகக் கிடக்கும். அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், எலியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள வெல்டு வலையைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அடித்து, அடிப்பகுதியை மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள். உள்பக்கம் அட்டையும் வையுங்கள், இல்லையென்றால் வலையை ஒட்டித் தூங்கும் குஞ்சின் காலை வெளியிலிருந்தே பிடித்து இழுக்கும். நான் ஒரு காலையில் பார்த்தது அதுதான், குஞ்சு உள்ளே, ஒரு கால் மட்டும் இல்லை.